மூன்று பேஸ் மோட்டாரும் நான் வாசிக்காமல் விட்ட நாலு வரியும்

தாராவி, பம்பாய்-17
28-8-1966, ஞாயிறு

அன்பு மகள் சந்திரலேகாவுக்கு அம்மா சொர்ணம்மாள் எழுதுவது. நானும் உன் அப்பாவும் இங்கே நடமாட்டமாகச் சுகமாக இருக்கிறோம். கடல் தாண்டி இருக்கிற நீயும் காய்ச்சல் தலைவலி இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு முகம் வாடாமல் இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது முத்தாரம்மனைக் கேட்டுக்கொள்கிறேன். உன் கடிதம் இந்த மாதம் ஏழாம் தேதியே கிடைத்துவிட்டது. இருபத்தொரு நாளாகப் பதில் போடவில்லை. கப்பல் வந்தும் கடிதம் வரவில்லையே என்று நீ போர்ட் பிளேர் தபாலாபீசுக்கு நடையாய் நடந்திருப்பாய், தெரியும். மூன்று தடவை எழுத உட்கார்ந்தேன். ஒரு தடவை அரைப் பக்கம் எழுதி, அதைக் கிழித்து அடுப்பில் போட்டேன். உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் செய்ய வேலை இல்லை, கழுவின பாத்திரத்தையே மறுபடியும் கழுவுகிறேன். இன்றைக்கு உன் அப்பா செம்பூரில் யாரோ பழைய மோட்டார் விற்கிறார்கள் என்று பார்க்கப் போயிருக்கிறார். அவர் வருவதற்குள் எழுதி முடித்துவிட வேண்டும் என்று கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

இங்கே மழை இன்னும் விட்டபாடில்லை. ரேஷன் அரிசியில் பாதி கல், மீதி நாற்றம், அலசி அலசி என் விரல் நுனியெல்லாம் வெளுத்துப்போயிருக்கிறது. லேபர் கேம்ப்பிலிருந்து வானமாமலையின் பெண்சாதி வந்திருந்தாள், மாட்டுங்கா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்க்கிற பையன் ஒருவன் இருக்கிறான், பெண் எப்போது பம்பாய் வருவாள் என்று கேட்டாள். பிள்ளை வரட்டும், அவளையே கேட்டுச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். உனக்கு இஷ்டம் இல்லை என்றால் ஒரு வரி எழுதிவிடு, நான் வருத்தப்பட மாட்டேன். அங்கே மழையில் நனைந்த செருப்போடு வகுப்பில் நிற்காதே, கால் இடுக்கில் சேற்றுப்புண் வரும். தேங்காயெண்ணெயில் கொஞ்சம் மஞ்சள் குழைத்துப் போடு. இதையெல்லாம் எழுதிக்கொண்டு நான் எதைத் தள்ளிப்போடுகிறேன் என்று உனக்குத் தெரியாது. நீ கடிதத்தில் ஒன்று கேட்டிருந்தாய். மிஷினுக்கு எர்த் போட்டாச்சா என்று கேட்டிருந்தாய். அதற்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கடிதம். முதலிலிருந்து சொன்னால்தான் என்னால் சொல்ல முடியும், பொறுமையாக வாசி.

மில்லில் மிஷின் ஷாப்பை மூடி உன் அப்பாவைக் கணக்குத் தீர்த்து அனுப்பியதும், அவர் வேலை பார்த்த அதே லேத்தை, இரும்பும் பித்தளையும் கடைகிற மிஷினை, ஏலத்தில் எடுத்து வந்ததும் உனக்குத் தெரியும். பதினோரு வருஷம் அவர் நின்று வேலை செய்த லேத். பாகம் பாகமாகக் கழற்றி இரண்டு கைவண்டியில் வந்தது. நம் அறையின் முன்பாதி முழுதும் அதுவே அடைத்துக்கொண்டது. அடுப்பு பின்னால் போனது, நாங்கள் பரணில் ஏறிப் படுக்கிறோம். இந்தக் கூத்தையும் அப்புறம் பெரிய மோட்டார் ஒன்று வைத்து வயர் இழுத்ததையும் வைகாசி பிறந்ததும் உனக்கு எழுதினேன். ஆனால் அது வந்த பிறகு நாற்பது நாள் அவர் எப்படி இருந்தார் என்று எழுதவில்லை. அந்த லேத் மில்லு கரண்டில் ஓடுகிறது, மூன்று பேஸ். நம் வீட்டில் இருப்பது ஒரே பேஸ், பல்பு எரிகிற கரண்ட். நீ படித்தவள், உனக்கு இது ஒரு வார்த்தை. எனக்கு அது நாற்பது நாள். அவர் வயரை மாட்டிச் சுவிட்சைப் போட்டால் மோட்டார் ம்ம்ம் என்று உறுமும், அசையாது. சூடாகி நாற்றம் வரும், அணைத்துவிடுவார். மறுபடி வேறு மாதிரி மாட்டுவார், மறுபடியும் உறுமும். கரண்ட் ஆபீசுக்குப் போனால் மூன்று பேஸ் லைன் வேண்டுமென்றால் கட்டிடச் சொந்தக்காரர் கையெழுத்து, தொழில் லைசென்ஸ், வரைபடம் என்று ஒரு கட்டு காகிதம் கேட்டார்கள். வரிசை வீடுகளாக இருக்கிற இந்தச் சாலுக்கு யார் சொந்தக்காரர் என்பதற்கே கோர்ட்டில் வழக்கு நடக்கிறது. திரும்பி வந்து லேத்தின் முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொள்வார். எண்ணெய்த் துணியால் அதைத் துடைப்பார். துடைத்ததையே துடைப்பார். சாப்பிடக் கூப்பிட்டால் வருவார், இரண்டு வாய்க்கு மேல் இறங்காது. இருபது வருஷத்தில் ஒரு நாள்கூட வேலை இல்லாமல் இருந்திராத மனுஷன் அப்படி உட்கார்ந்திருப்பதைப் பார்த்துப் பார்த்து எனக்குத்தான் பைத்தியம் பிடிக்கும்போல இருந்தது.

அப்புறம்தான் செல்லத்துரை வந்தார். கிங்ஸ் சர்க்கிள் பக்கம் மோட்டாருக்குக் காயில் கம்பி சுற்றுகிற கடை வைத்திருக்கிறாரே, நம் ஊர்ப்பக்கத்துக்காரர், அவர்தான். லேத்தைச் சுற்றி வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "அண்ணாச்சி, மூணு பேஸ் மோட்டாரு ஒத்தப் பேஸுல தானா கெளம்பாது. ஆனா எவனாவது சுத்திவிட்டுட்டான்னா அது பாட்டுக்கு ஓடும். அப்படிச் சும்மா ஓடுத மோட்டாருட்ட இருந்து மூணாவது பேஸை நாம எடுத்துக்கிடலாம்" என்றார். அடுத்த வாரமே லேத் மோட்டாரைவிடப் பெரிய பழைய மோட்டார் ஒன்றைக் கொண்டுவந்து தரையில் போல்ட் போட்டு இறுக்கினார்கள். வீட்டுக் கரண்டுக்குத் தகுந்த மாதிரி இரண்டு மோட்டாருக்குள்ளும் கம்பியை மாற்றிக் கட்டினார். பெரிய மோட்டாருக்கு வேறு வேலை கிடையாது, சும்மா சுற்ற வேண்டியதுதான். அதன் புல்லிச் சக்கரத்தில் கயிற்றைச் சுற்றி வேகமாக இழுக்க வேண்டும், அது சுழன்றுகொண்டிருக்கும்போதே சுவிட்சைப் போட வேண்டும். போட்டால் பிடித்துக்கொள்ளும். பிறகு லேத் மோட்டாரைப் போட்டால் உறுமாது, தயங்காது, மில்லில் ஓடியது போலக் கிளம்பிவிடும். கயிற்றை இழுக்க ஒரு ஆள், சுவிட்சைப் போட ஒரு ஆள். வீட்டில் இருப்பதே இரண்டு பேர். கயிறு என் கைக்கு வந்தது.

சந்திரா, இதை உன்னிடம் மட்டும் சொல்கிறேன். முதல் நாள் நான் இழுத்த இழுப்பில் மோட்டார் பாதிச் சுற்றுக்கூடப் போகவில்லை. நாலாவது தடவை சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, காலை அகட்டி ஊன்றி, கண்ணை மூடிக்கொண்டு இழுத்தேன். கயிறு என் கையோடு வந்துவிட்டது, நான் அரிசி டின்மேல் போய் விழுந்தேன். விழுந்த இடத்திலிருந்து கேட்கிறேன், மோட்டார் கும்மென்று ஓடுகிறது. உன் அப்பா லேத்தைப் போட்டார். அதுவும் ஓடியது. அவர் என்னைத் தூக்கிவிடக்கூட வரவில்லை, லேத்தையே பார்த்துக்கொண்டு நின்றார், கண்ணில் தண்ணீர். அன்றைக்கு மத்தியானம் மூன்று தட்டுச் சோறு சாப்பிட்டார். அதிலிருந்து தினமும் காலையில் என் கையால்தான் அந்த மோட்டார் கிளம்பும். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவருடைய வேலை என்ன என்று வாசனையில்தான் எனக்குத் தெரியும், சட்டையில் எண்ணெய் வாசனை. இப்போது அந்த வேலை என் கையில் தொடங்கியது. நாக்தேவி தெருவில் ஒரு சேட் தண்ணீர் பம்ப்புக்குப் பித்தளை புஷ் வளையம் கடைந்து தரச் சொல்லி ஆர்டர் கொடுத்தார். நாங்கள் கிளப்பும்போது சாலில் மற்ற எட்டு வீட்டு பல்பும் ஒரு நொடி மங்கும். பக்கத்து வீட்டு நூர் நிஷா சிரிப்பாள். "பல்பு கண்ணடிச்சிட்டு, அக்கா கயித்த இழுத்தாச்சு" என்று சத்தம் போடுவாள். அவள் தோல் பைகளுக்கு உள்துணி தைக்கிறவள் என்பது உனக்குத் தெரியும், நம் தகரச் சுவரை ஒட்டித்தான் அவள் வாசல்.

ஜூன் மாதம் முதல் வாரம் உன் கடிதம் வந்தது. நீண்ட கடிதம், ஆறு பக்கம். உன் அப்பாவுக்கு மிஷின் வரைபடத்தில் இஞ்சுக் கணக்கு படிக்கத் தெரியும், தமிழ் எழுத்துத் தெரியாது, ஆகையால் எப்போதும்போல நான்தான் சத்தமாக வாசித்தேன். அவர் லேத்தில் கைவைத்தபடி நின்று கேட்டுக்கொண்டிருந்தார். ஐந்தாவது பக்கத்தில் நீ எழுதியிருந்தாய். பெரிய மோட்டாருக்கும் லேத்துக்கும், கசிகிற கரண்டை மண்ணுக்குள் இறக்குகிற எர்த் கம்பி போடாமல் ஓட்டவே கூடாது, அங்கே பவர் ஹவுசில் இருக்கிற எஞ்சினியரிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன், வயர் தகரச் சுவரைத் தொட்டுக்கொண்டு போகிறது என்று எழுதியிருக்கிறாய், மழையில் அந்தத் தகரம் முழுதும் கரண்ட் ஏறும், எர்த் போடும் வரை மிஷினை நிறுத்தி வையுங்கள் என்று. நாலு வரி. கண் அந்த நாலு வரியில் போய்விட்டது, வாய் நின்றுவிட்டது. நிறுத்தி வையுங்கள் என்ற சொல்தான் என் கண்ணில் பெரிதாகத் தெரிந்தது. நீ சொன்னால் அவர் கேட்பார். அந்த நிமிஷமே சுவிட்சை இறக்கிவிடுவார். மறுபடி ஸ்டூல், மறுபடி எண்ணெய்த் துணி. அப்போதுதான் சேட்டுக்கு முதல் ஆர்டர் பாதி முடிந்திருந்தது. "என்ன, நிறுத்திட்ட?" என்று கேட்டார். தொண்டை கட்டியிருக்கிறது என்று சொல்லி ஒரு முழுங்கு தண்ணீர் குடித்தேன். அப்புறம், அங்கே மீன் மலிவாகக் கிடைக்கிறது என்று நீ எழுதியிருந்த இடத்திலிருந்து வாசித்தேன். ஆர்டர் முடிந்ததும் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். முடிவதற்குள் அடுத்த ஆர்டர் வந்தது. மழையும் வந்தது. கடிதத்தை என் டிரங்குப் பெட்டியில் சேலைக்கு அடியில் வைத்திருந்தேன். இரண்டு தடவை எடுத்தேன், இரண்டு தடவையும் திருப்பி வைத்தேன்.

ஜூலை பதினாலாம் தேதி வியாழக்கிழமை. மூன்று நாள் விடாமல் பெய்துவிட்டு அன்று காலை பத்து மணிக்கு மேல் கொஞ்சம் வெயில் அடித்தது. சாலில் எல்லாரும் துணி காயப்போட வெளியே வந்துவிட்டார்கள். நான் கயிற்றை இழுத்தேன், மோட்டார் பிடித்துக்கொண்டது, அவர் லேத்தைப் போட்டுப் பித்தளையைக் கடையத் தொடங்கினார். நான் அடுப்புப் பக்கம் திரும்பக்கூட இல்லை, அதற்குள் ஒரு சத்தம் கேட்டது. கத்தின சத்தம்கூட இல்லை, இருமலை விழுங்கின மாதிரி. எட்டிப் பார்த்தேன். நம் தகரச் சுவரில் அடித்த ஆணியிலிருந்து அவர்கள் வீட்டுக் கம்பம் வரை கட்டியிருந்த கொடிக் கம்பியைப் பிடித்தபடி நூர் நிஷா நிற்கிறாள். ஈரத் துணி தோளில் கிடக்கிறது, கால் தண்ணீரில் இருக்கிறது, வாய் திறந்திருக்கிறது, உடம்பு உதறுகிறது. கை கம்பியை விடவில்லை. நான் ஓடிப்போய் அவள் இடுப்பைப் பிடிக்கக் கையை நீட்டிவிட்டேன். பின்னாலிருந்து உன் அப்பா "தொடாத! தொடாதட்டி!" என்று போட்ட சத்தத்தில் என் கை அப்படியே நின்றது. அவர் மெயின் சுவிட்சை இழுத்தார். அவள் சேற்றில் விழுந்தாள், கண் மேலே சொருகியிருந்தது. அந்த நேரத்தில் எனக்கு அழுகை வரவில்லை, சாமி பேர்கூட வரவில்லை. நீ எழுதின நாலு வரிதான் வந்தது, எழுத்து எழுத்தாக.

அவள் பிழைத்தாள். முதலில் அதைச் சொல்லியிருக்க வேண்டும், உன்னைப் பதற வைத்துவிட்டேன். டாக்சியில் போட்டு சயான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம், இரண்டு நாள் வைத்திருந்து இருதயத்துக்கு ஒன்றும் இல்லை என்று அனுப்பினார்கள். வலது உள்ளங்கை வெந்துபோயிருந்தது, நடுவிரலும் மோதிர விரலும் மடங்கினபடி நின்றுவிட்டன. ஊசி பிடிக்கிற கை. அவள் புருஷன் ஜெயினுலாப்தீன் தோல் ஷாப்பிலிருந்து ஓடிவந்தவர், உன் அப்பாவின் சட்டையைப் பிடித்து இரண்டு அறை அறைந்திருந்தால்கூட எங்களுக்கு நன்றாக இருந்திருக்கும். "ஆளு பொழச்சிட்டா அண்ணாச்சி. நீங்க வேணும்னா செஞ்சீங்க?" என்று சொல்லிவிட்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் தலையைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். சாலில் மற்றவர்கள் சும்மா இருக்கவில்லை. மிஷினை எடுத்து வெளியே போடு, பிள்ளை குட்டி இருக்கிற இடம் என்று கூடிநின்று சத்தம் போட்டார்கள். அதில் என்ன தப்பு? உன் அப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். வயரையெல்லாம் பிடுங்கிப் போட்டார், லேத்தின்மேல் சாக்கைப் போட்டு மூடினார். மிஷின் ஆடின ஆட்டத்தில் வயரின் ரப்பர் தகர விளிம்பில் உரசி உரசித் தேய்ந்திருந்தது, அந்த இடத்தை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். "எனக்கு ஏன் தெரியாமப் போச்சு? மில்லுல இதையெல்லாம் எலெக்ட்ரிக் ஆளுங்க பாத்துக்கிடுவாங்க, நான் திரும்பிப் பாத்ததே இல்லையே. கேட்டிருந்தா யாராவது சொல்லியிருப்பாங்களே" என்று புலம்பினார். தினமும் இதே கேள்வி. நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். நான் வாய் திறக்கவில்லை, மகளே. இருபத்து நாலு நாள் வாய் திறக்கவில்லை. நூர் நிஷாவுக்கு வந்திருந்த துணியையெல்லாம் தினமும் அவள் வீட்டில் உட்கார்ந்து நான் தைத்துக் கொடுத்தேன். "அக்கா மாதிரி யாரு செய்வா" என்று வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் சொல்லுவாள். அதைக் கேட்கிற நேரம் ஊசியை என் விரலிலேயே குத்திக்கொள்ளலாம்போல இருக்கும்.

ஆகஸ்ட் ஏழாம் தேதி ஞாயிற்றுக்கிழமை உன் இந்தக் கடிதம் வந்தது. முந்தின நாள் தபால்காரன் அதை எதிர்வீட்டில் கொடுத்துவிட்டுப் போயிருந்தான், காலையில்தான் கைக்கு வந்தது. நான் நூர் நிஷா வீட்டில் தைத்துக்கொண்டிருந்தேன். உன் அப்பா ஆஸ்பத்திரி நாளுக்குப் பிறகு முதல் தடவையாக முகத்தில் கொஞ்சம் வெளிச்சத்தோடு "பிள்ளை கடுதாசி போட்டிருக்கு" என்று அங்கேயே கொண்டுவந்தார். என் மடி நிறையத் துணி. ஜெயினுலாப்தீன் சும்மாதான் உட்கார்ந்திருந்தார். "கொண்டாங்க அண்ணாச்சி, இன்னைக்கு நான் படிக்கேன்" என்று கையை நீட்டினார். நான் எழுந்திருக்கப் பார்த்தேன், துணி சரிந்தது, அதற்குள் உறையைக் கிழித்துவிட்டார். நல்ல குரலில், நிறுத்தி நிறுத்தி வாசித்தார். உன் பள்ளிக்கூடம், உன் கூட இருக்கிற டீச்சரம்மா, மழை. அடுத்த பக்கம் திருப்பினார். அம்மா, போன கடிதத்தில் விவரமாக எழுதியிருந்தேனே, அதன்படி மிஷினுக்கு எர்த் போட்டாச்சா, தகரச் சுவரிலிருந்து வயரைத் தள்ளிக் கட்டும் வரை மிஷினை ஓட்ட வேண்டாம் என்று சொல்லியிருந்தேனே, அப்பா என்ன சொன்னார். அதுவரை வந்து ஜெயினுலாப்தீனின் குரல் நின்றுவிட்டது. தாளைக் கொஞ்சம் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், வாய்க்குள் மறுபடி ஒரு தடவை வாசித்துப் பார்த்தார். உன் அப்பாதான் கேட்டார். "எந்தக் கடுதாசியில? நீ வாசிக்கையில அப்படி ஒண்ணும் வரலையே" என்று என் பக்கம் திரும்பினார். தபாலில் பக்கம் விழுந்துபோயிருக்கும் என்று ஒரு பொய் நாக்கு நுனி வரை வந்தது. நூர் நிஷா கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "வந்திருந்தது. நான்தான் வாசிக்கல" என்று சொன்னேன்.

ஜெயினுலாப்தீன் கடிதத்தை மடித்து உன் அப்பா கையில் கொடுத்துவிட்டு எழுந்து வெளியே போனார். உன் அப்பாவும் எழுந்தார், செருப்பைப் போடாமலே நம் வீட்டுக்கு நடந்தார். நானும் நூர் நிஷாவும்தான் மிச்சம். அவள்தான் சொன்னாள். "அண்ணாச்சிகிட்ட சொல்லாட்டிப் போவுது. என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே. நான் துணிய வேற பக்கம் காயப்போட்டிருப்பேனே." அவ்வளவுதான். சந்திரா, ஐந்தரை வாரம் அந்த நாலு வரியைச் சுமந்துகொண்டு திரிந்தேனே, இந்த ஒரு வழி என் புத்தியில் வரவே இல்லை. மிஷின் நிற்குமா ஓடுமா என்பதற்குள்ளேயே கிடந்தேன். கம்பிக்கு அந்தப் பக்கம் ஒருத்தி தினமும் நிற்கிறாள் என்பது எனக்குத் தெரியாதா?

அன்று வீட்டுக்குப் போய் உங்களுக்காகத்தான் என்று ஆரம்பித்தேன். உன் அப்பா கையைக் காட்டி நிறுத்தினார். "எனக்காகன்னு மட்டும் சொல்லாத. தெரிஞ்சிருந்தா ரெண்டு நாள் வேல. ரெண்டே நாள் நிறுத்திட்டு எர்த்தப் போட்டு முடிச்சிருப்பேன்" என்றார். அதற்கப்புறம் மூன்று நாள் பேச்சு இல்லை. பேசாத அந்த மூன்று நாளில் நான் யோசித்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. அவர் சோர்ந்து உட்காருவதைப் பார்க்கப் பயந்தேன், அது நிஜம். ஆனால் கயிற்றை இழுத்து அந்த மோட்டாரை எழுப்புகிறவள் நான் என்பதில் எனக்கு ஒரு கர்வம் இருந்தது, அதையும் விட மனசில்லை. இதை உனக்கு எழுதவும் வெட்கமாக இருக்கிறது, எழுதாமல் விடவும் முடியவில்லை. ஒரு தடவை விட்டது போதும்.

அந்த ஞாயிற்றுக்கு மறுநாள் தைக்கப் போனேன். நூர் நிஷா வாசலிலேயே நின்று, வேண்டாம், நானே பார்த்துக்கொள்கிறேன் என்றாள். அதற்கு மறுநாளும் போனேன், அதேதான். மூன்றாம் நாள் போனபோது அவள் இடது கையால் தைக்கப் பார்த்துத் துணியெல்லாம் கோணியிருந்தது. என்னைப் பார்த்தாள், பையை என் பக்கம் தள்ளினாள். இன்று வரை தைக்கிறேன். நடுவிரல் இப்போது நன்றாக மடங்கி நிமிர்கிறது, மோதிர விரல் பாதிதான். ஆஸ்பத்திரியில் வெந்நீரில் கையை வைத்து மடக்கி மடக்கிப் பழக்கச் சொல்லியிருக்கிறார்கள். முன்பு அக்கா என்று கூப்பிடுவாள். இப்போது சந்திரா அம்மா என்கிறாள்.

அந்த வாரக் கடைசியில் உன் அப்பா செல்லத்துரையைக் கூட்டிவந்தார். வாசலோரம் ஆள் மட்டத்துக்குக் குழி தோண்டினார்கள். தாராவி மண்தான் உனக்குத் தெரியுமே, மூன்றடிக்கே கறுப்புத் தண்ணீர் ஊறுகிறது, உன் அப்பா இடுப்பளவு சேற்றில் நின்று வாளி வாளியாக இறைத்தார். ஜெயினுலாப்தீன் கொஞ்ச நேரம் தன் வாசலில் நின்று பார்த்தார். பிறகு உள்ளே போய் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து தானும் இறங்கிவிட்டார். கடற்கரை உப்பும் கரியும் அடுக்கடுக்காகப் போட்டு, நடுவில் செம்புத் தகட்டை இறக்கி, அதிலிருந்து தடிமனான கம்பியைக் கொண்டுவந்து இரண்டு மோட்டாரிலும் லேத்திலும் தகரச் சுவரிலும் முடுக்கினார்கள். வயரெல்லாம் இப்போது இரும்புக் குழாய்க்குள் போகிறது, தகரத்தைத் தொடவே தொடாது. ஃபியூசில் இரட்டையாகப் போட்டிருந்த கம்பியையும் பிடுங்கி எறிந்துவிட்டுச் சரியான அளவு போட்டார்கள், கரண்ட் கசிந்தால் உடனே ஃபியூஸ் போய்விடுமாம். கொடிக் கம்பியை எடுத்துவிட்டுச் சாலில் எல்லாருமே கயிறு கட்டியிருக்கிறார்கள். ஆக, நீ கேட்டதற்குப் பதில், எர்த் போட்டாச்சு. இரண்டரை மாதம் கழித்து.

ஆனாலும் மிஷினை ஓட்ட உன் அப்பாவுக்குக் கை எழவில்லை. எல்லாம் தயாராக நாலு நாள் கிடந்தது. நூர் நிஷாதான் வந்தாள். செல்லத்துரையிடம் கேட்டு ஒரு டெஸ்டர் வாங்கி வைத்திருந்தாள், தொட்டால் கரண்ட் இருக்கிற இடத்தில் உள்ளே சின்ன விளக்கு எரிகிற திருப்புளி. "அண்ணாச்சி, போடுங்க. நான் பாக்கேன்" என்றாள். நான் கயிற்றை இழுத்தேன், இரண்டாவது இழுப்பில்தான் பிடித்தது. அவள் இடது கையில் டெஸ்டரைப் பிடித்துக்கொண்டு தகரச் சுவரைத் தொட்டாள், லேத்தைத் தொட்டாள், மோட்டார், கதவுத் தாழ்ப்பாள், வாசலில் கொடி கட்டின ஆணி, ஒவ்வொன்றாகத் தொட்டு விளக்கு எரியவில்லை என்று குனிந்து பார்த்தாள். முகம் வெளுத்திருந்தது, நெற்றியெல்லாம் வேர்வை. எல்லாம் முடித்துவிட்டு "ஓட்டுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்றிலிருந்து தினமும் காலையில் அவள் வந்து தொட்டுப் பார்த்துச் சொன்ன பிறகுதான் உன் அப்பா பித்தளையில் கைவைக்கிறார். அவர் கேட்டுக்கொண்டு வரவில்லை, அவளாக வருகிறாள், ஒரு நாளும் தவறவில்லை. முறையான மூன்று பேஸ் லைனுக்கும் மறுபடி மனு கொடுத்திருக்கிறோம், இந்தத் தடவை ஜெயினுலாப்தீன்தான் எழுதினார், சாலில் ஏழு வீட்டார் ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்துப் போட்டார்கள். எட்டாவது வீட்டுக்காரர் போடவில்லை. அவர் பயம் அவருக்கு.

உன் அப்பா என்னோடு பேசுகிறார். சோறு போடு, கயிற்றைப் பிடி, மழை வருகிறது துணியை எடு, எல்லாம் பேசுகிறார். அந்தக் கடிதத்தைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. நான் டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்து அவர் கையில் கொடுத்தேன், வாங்கித் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். முழுதும் வாசிக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார்.

மகளே, நீ என்மேல் கோபப்பட்டால் கோபமாகவே எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே. பிள்ளையார் சதுர்த்தி வருகிறது, அங்கே கொழுக்கட்டைக்கு மாவு கிடைக்குமா தெரியவில்லை, கிடைக்காவிட்டால் அவல் போதும். எண்ணெய் தேய்த்துக் குளி. முத்தாரம்மன் உன்னை நிழலாகக் காப்பாள், என் பாவம் எதுவும் உன்மேல் ஒட்டாமல் நீ நீடு வாழ வேண்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. இனிமேல் கடிதம் போடும்போது அப்பாவுக்கென்று தனியாக ஒரு தாள் வை. பெரிய எழுத்தாக எழுது, சேர்த்துக் கோக்காதே, சொல்லுக்குச் சொல் இடம் விடு. சாயந்தரம் வேலை முடிந்து ஜெயினுலாப்தீன் வீட்டு வாசலில் உட்கார்ந்து உன் அப்பா எழுத்துக் கூட்டப் படிக்கிறார். ககரமும் சகரமும் இன்னும் குழம்புகிறது, என்னிடம் கேட்பதில்லை. அந்தத் தாளை நான்காக மடித்து மேலே ஒட்டி அனுப்பு. நான் பிரிக்க மாட்டேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
பி. சொர்ணம்மாள்